மலிவுச் சோறு: சுமை யார் தலையில்?

"மலேசியாவைப் பாருங்கள்! அங்கே ஐந்து வெள்ளி கொடுத்தால் சோறும் கறியும் காயும் தட்டு நிறைய வருகிறது. நம் ஊரிலோ நாலு இட்லி தின்று கை கழுவுவதற்குள் மடி காலியாகி விடுகிறது. இங்கே சாலையோரக் கடைக்காரன் கொள்ளையடிக்கிறான்!"

கடல் கடந்து போய் வந்த உறவினர் சொன்னார் என்று இப்படிப் பேசுவோர் தேனியிலும் உண்டு, கம்பத்திலும் உண்டு, கூடலூரிலும் உண்டு. பேச்சில் பாதி உண்மை. மலேசியாவில் ஐந்து வெள்ளிச் சோறு என்று ஒன்று இருந்தது பொய்யல்ல. ஆனால் அந்த ஐந்து வெள்ளிக்குப் பின்னே நிற்பவர் யார், இங்கே இட்லிக் கொப்பரைக்குப் பின்னே நிற்பவர் யார் என்று பாராமல், கடைக்காரர் மீது பாய்வது எளிது. எளிதான கோபம் எப்போதும் எளியவன் மீதுதான் பாயும்!

இது என்ன, நாட்டுப் பிரச்சினையா, நாலு இட்லிப் பிரச்சினைதானே என்று கேட்கலாம் சில கனவான்கள். அவர்களுக்கு வெளியே சாப்பிடுவது பொழுதுபோக்கு. பாட்டாளிக்கு அப்படியல்ல. தேனிச் சந்தையில் மூட்டை இறக்கும் தோழனுக்கும், போடியில் ஏலக்காய்ச் சாக்கு சுமக்கும் தோழனுக்கும், சின்னமனூரில் விடியுமுன் வாழைத்தார் வெட்டப் போகிறவனுக்கும், காலையில் வயிற்றில் விழுவதுதான் அன்றைய உழைப்புக்கு முதல். சோறு குறைந்தால் சுமை குறையாது, உடம்புதான் குறையும்.

கம்பம் பள்ளத்தாக்கின் விடியற்காலையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறோம். முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயலும் திராட்சைக் கொடியும் வாழைத் தோட்டமும் பார்ப்பவர் கண்ணுக்குக் குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சிக்கு நடுவே, பொழுது புலருமுன், ஆணும் பெண்ணும் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறிப் போடி மெட்டு, கம்பம் மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். பெண்கள் பெரும்பாலும் மதியச் சோற்றைத் தூக்குச் சட்டியில் கட்டிக் கொள்கிறார்கள். அதற்காக அவர்கள் எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டியிருக்க வேண்டும் என்று கணக்கிடுங்கள். அடுப்பு மூட்ட நேரமில்லாதவர்களுக்கும், ஓட்டுநருக்கும், சுமைகாரருக்கும், துணையில்லாத் தனி ஆளுக்கும் கதி, சாலையோரக் கையேந்தி பவன்தான். அங்கே எட்டணா ஏறினாலும் அது ஒரு குடும்பத்தின் வரவு செலவுத் திட்டத்தைத் திருத்தி எழுதும்.

ஆகவே அந்த ஐந்து வெள்ளிச் சோற்றை முதலில் எடுத்துக் கொள்வோம்.

2023 ஜனவரி 31 அன்று மலேசிய அரசு 'மெனு ரஹ்மா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவு ஆகிய துறைகளின் அமைச்சராக இருந்த சலாவுடின் அயூப் அதன் முகமாக விளங்கினார். அதே ஆண்டு ஜூலையில் அவர் மறைந்தார். ஐந்து வெள்ளிக்கு மிகாத விலையில் ஒரு தட்டு: அதில் சோறு போன்ற மாவுப் பொருளும், கோழி, மீன், முட்டை போன்ற புரத உணவும், காய்கறியும் இருக்க வேண்டும். திட்டத்தில் சேர்ந்த உணவகங்களில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளும் உண்டு. அந்நாட்டார் அவற்றை 'மாமாக்' கடைகள் என்பார்கள். நம்முடைய 'மாமா' என்ற உறவுச் சொல் அங்கே போய் ஒரு கடை வகைக்கே பெயராகிவிட்டது! நம் புரோட்டாவும் அங்கே 'ரொட்டி சானாய்' என்ற பெயரில் வாழ்கிறது. கல்லில் தட்டும் ஓசை ஒன்றுதான். தொட்டுக் கொள்ளும் குழம்பு மட்டும் வேறு.

ஐந்து வெள்ளி என்றால் நம் பணத்தில் எவ்வளவு? 2023 தொடக்கத்து மாற்று விலையில் ஏறத்தாழ 95 ரூபாய். "ஆகா, 95 ரூபாயா? அப்படியானால் நம் ஊர்தான் மலிவு!" என்று உடனே குதிப்பவர்களும் உண்டு. அதுவும் தவறு. வெள்ளியை ரூபாயாக மாற்றினால் வங்கிக்குக் கணக்குச் சரியாக இருக்கும். வயிற்றுக்குச் சரியாக இராது. பாட்டாளிக்கு நாணயம் ஒன்றே: அவன் வியர்வை. ஒரு வேளைச் சோற்றுக்கு எத்தனை நிமிடம் உழைக்க வேண்டும்? அதுதான் உண்மையான விலை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலேசியாவில் 2022 மே முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளியாக இருந்தது. மணிக் கூலியாக அரசாணை குறித்தது 7 வெள்ளி 21 காசு. அப்படியானால் ஐந்து வெள்ளிச் சோற்றுக்கு அங்கே 42 நிமிட உழைப்பு. தமிழ்நாட்டில் அதே 2023-24 ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்கு அரசு அறிவித்த கூலி நாளுக்கு 294 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 36 ரூபாய் 75 காசு. 42 நிமிட உழைப்புக்கு இங்கே கிடைப்பது 26 ரூபாய் கூட இல்லை!

சுமைகாரர் சிலருக்கு இதைவிடக் கூடுதல் கூலி உண்டு, பல பெண்களுக்கு இது கூடக் கைக்கு வருவதில்லை என்பதை நாம் அறிவோம். இருபுறமும் அரசே எழுதி வைத்த எண்ணை எடுத்துக் கொண்டோம், அவ்வளவே. இப்போது தேனிப் பேருந்து நிலையத்தை ஒருமுறை சுற்றி வந்து சொல்லுங்கள்: 26 ரூபாய்க்குச் சோறும் கறித் துண்டும் காயும் போடும் கடை எது? 95 ரூபாய்ச் சாப்பாடு ஒன்றை நம் தோழன் சாப்பிட வேண்டுமானால் அவன் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் உழைத்திருக்க வேண்டும். ஆகவே மலேசியாவில் சோறு மலிவு என்பதைவிட, அங்கே உழைப்பு இவ்வளவு மலிவாக விற்கப்படவில்லை என்பதே பொருத்தம். சாப்பாட்டு விலையைப் பற்றிப் பேசப் புறப்பட்டவர்கள் கூலியைப் பற்றிப் பேசாமல் திரும்ப முடியாது.

விலைக்கு அடுத்தது தரம். இங்கேதான் நம் கண்ணை ஏமாற்றும் வித்தை நடக்கிறது. விலை ஏறும்போது எல்லாரும் கூச்சல் போடுகிறோம். தட்டு இளைக்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை! இட்லி அதே விலை. ஆனால் உள்ளங்கை அளவு இருந்தது உருண்டு சிறுத்திருக்கும். சாம்பாரில் பருப்பு தேடக் கரண்டியைத் துழாவ வேண்டும். சட்னியில் தேங்காய் போய்ப் பொட்டுக்கடலை வந்திருக்கும், பிறகு அதுவும் போய்த் தண்ணீர் வந்திருக்கும். புரோட்டாவுக்குச் சால்னா இலவசம் என்ற பெருமை நம் பக்கத்துக் கடைகளுக்கு உண்டு. அந்தச் சால்னாவில் மிதக்கும் எண்ணெய் எத்தனையாவது முறை காய்ந்தது என்பது அடுப்புக்கு மட்டுமே தெரியும்.

மலேசியத் திட்டத்தில் நாம் பாராட்டுவது ஐந்து வெள்ளி என்ற விலையை அல்ல. தட்டில் இன்னின்ன இருக்க வேண்டும் என்று சொன்னதைத்தான். மைதாவும் எண்ணெயும் வயிற்றை நிரப்பும், பசியை ஏமாற்றும். மூட்டை தூக்கும் உடம்புக்கு வேண்டியது பருப்பும் முட்டையும் கீரையும். கம்பங்கூழ் குடித்து, வெங்காயமும் மோர் மிளகாயும் கடித்துக் கொண்டு உழைத்த கிழவர்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது. இப்போது அந்தக் கூழும் கோடைக்காலத் தள்ளுவண்டியில், காரில் வருவோர் இறங்கி ருசிபார்க்கும் பண்டமாகிவிட்டது!

சரி, ஐந்து வெள்ளிக்குச் சோறு போட்டார்களே, அந்த நட்டத்தை யார் ஏற்றார்கள்? இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்க் கேள்வி. அங்கே அரசு கட்டாயமும் செய்யவில்லை. கடைக்காரருக்கு மானியமும் கொடுக்கவில்லை. மனமுவந்து செய்யுங்கள் என்றது. அதாவது புண்ணியம் அரசுக்கு, பொருள் கடைக்காரருக்கு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். பெரிய உணவகம் என்றால் ஒரு தட்டில் விட்டதை மற்றொரு தட்டில் பிடித்துவிடும். ஒற்றைக் கல்லும் ஒற்றை அடுப்பும் வைத்திருப்பவர் எதில் விட்டு எதில் பிடிப்பார்?

அவ்வளவு தூரம் போவானேன்! மலைக்கு அந்தப் புறம் பாருங்கள். கேரளத்தில் 2020 இல் 'ஜனகீய ஹோட்டல்' என்ற மக்கள் உணவகங்கள் திறக்கப்பட்டன. குடும்பஸ்ரீ பெண்கள் நடத்தினார்கள். ஒரு சாப்பாடு 20 ரூபாய்; அதற்கு மேல் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பத்து ரூபாய் அரசு மானியம். அருமையான ஏற்பாடு என்று நாடே பாராட்டியது, நாமும் பாராட்டுகிறோம். ஆனால் 2023 ஆகஸ்டில் அந்தப் பத்து ரூபாய் நின்றது. சாப்பாடு 30 ரூபாயாயிற்று. அதுவரை போட்ட சோற்றுக்கு வர வேண்டிய நிலுவைக்காக அந்தப் பெண்கள் தலைமைச் செயலகத்து வாசலில் போய்ப் போராட வேண்டி வந்தது. கடன் வாங்கி அரிசி வாங்கியவர்கள், காய்கறிக் கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். ஊரின் பசியைத் தீர்த்த கைகள் ஊரிடமே ஏந்தி நின்றன. மலிவு என்ற மாலை அரசின் கழுத்தில். அதன் பாரம் அந்தப் பெண்களின் தோளில்!

நம் மாநிலத்தில் 2013 பிப்ரவரி 19 அன்று சென்னையில் அம்மா உணவகம் தொடங்கியது. இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். நாம் முன்பு போட்ட வியர்வைக் கணக்கில் அந்தச் சாம்பார் சாதம் எட்டு நிமிடம்! வேறு எந்த நாட்டுத் தட்டும் இதற்குப் பக்கத்தில் வராது. ஜெயலலிதா ஆட்சியில் வந்த திட்டம் என்பதால் கட்சிக் கண்ணாடி போட்டுக் கொண்டு பார்த்தவர்கள் இருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொல்ல வேண்டும்: அங்கே சுமை யார் தலையில் என்பது வெளிப்படையாக இருந்தது. மாநகராட்சி நட்டத்தை ஏற்றது. வேலை செய்த மகளிர் குழுப் பெண்கள் கூலி பெற்றார்கள். ஆட்சி மாறிய பிறகும் திட்டம் சாகவில்லை. 2024 ஜூலையில் முதலமைச்சர் ஸ்டாலின், சென்னை அம்மா உணவகங்களின் சீரமைப்புக்கும் புதுப் பாத்திரங்களுக்குமாக 21 கோடி ரூபாய் ஒதுக்கினார். பசி கட்சி மாறுவதில்லை என்பதை இரு தரப்பும் ஒப்புக் கொண்ட அபூர்வமான விஷயம் இது.

ஆனால் மாநகராட்சியின் பெட்டியில் இருக்கும் காசு ஒரு சிறு நகராட்சியின் பெட்டியில் இராது. சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஜீப்புக்குக் காத்து நிற்பவனுக்கு எதிரே தெரிவது சாலையோரத்து அக்காவின் கடைதான். அவர் கணக்கை இதுவரை எவரும் போட்டதில்லை. நாம் போடுவோம்.

அக்கா முதல் நாள் மதியம் அரிசியும் உளுந்தும் ஊறப் போடுகிறார். மாலையில் ஆட்டுகிறார். இரவில் மாவைக் கரைத்து வைக்கிறார். அதிகாலை எழுந்து சட்னி, சாம்பார். ஐந்து மணிக்குக் கடை. பத்து மணி வரை நிற்கிறார். பிறகு பாத்திரம் கழுவி, சந்தைக்குப் போய், வீடு சேரும்போது மதியம். துண்டு துண்டாக எண்ணினால் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. 2025-26 ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 336 ரூபாய், மணிக்கு 42. பத்து மணி நேரத்துக்கு 420 ரூபாய். அன்று 300 இட்லி விற்றார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொண்டால், ஓர் இட்லியில் அவருடைய கூலி மட்டும் 1 ரூபாய் 40 காசு. கூடவே கணவரோ மகளோ நின்றால் 2 ரூபாய் 80 காசு. அக்கா இட்லிக்கு விலை வைக்கும்போது இந்தக் காசைச் சேர்க்கிறாரா? கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு, கேஸ் எவ்வளவு, தண்டல்காரருக்கு எவ்வளவு என்று சொல்வார். "எனக்கு எவ்வளவு" என்ற வரி அவர் நோட்டிலேயே இராது, மிஞ்சினால்தான் உண்டு.

அப்படியானால் நம் சாலையோர இட்லியின் மலிவுக்கு மானியம் கொடுப்பது யார்? அரசும் அல்ல, பெருமுதலாளியும் அல்ல. கூலி எழுதிக் கொள்ளாத ஒரு பெண்! பசித்த தொழிலாளிக்குப் பசித்த தொழிலாளியே மானியம் கொடுக்கும் விந்தை இந்தப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு விடியலிலும் நடக்கிறது. அவரைப் பார்த்துக் "கொள்ளைக்காரி" என்பவனுக்கு என்ன பெயர் வைப்பது?

அவர் கையில் இல்லாத விலைகளைப் பாருங்கள். புரோட்டாவில் ஊற்றும் பாமாயில் தேனியிலா விளைகிறது? பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தி, மே மாதம் மீண்டும் திறந்தது. ஜகார்த்தாவில் போட்ட கையெழுத்துக்குக் கம்பத்துக் கல் சூடு தாங்க வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு இறக்குமதி வரியை ஏற்றியது. கச்சா எண்ணெய் வகைகளுக்கு மொத்த வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாயிற்று. 2025 மே இறுதியில் அதைப் பாதி வழி இறக்கி 16.5 ஆக்கினார்கள். எண்ணெய் வித்து பயிரிடும் உழவனுக்கு நியாயவிலை வேண்டும் என்பதற்காக ஏற்றியதாகச் சொன்னார்கள். உழவனுக்கு நியாயவிலை கிடைக்கட்டும், நமக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்கான பணத்தைத் தள்ளுவண்டிக் கடையின் எண்ணெய்ச் சட்டியிலிருந்துதான் எடுக்க வேண்டுமா?

நம் ரேஷன் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் குடும்ப அட்டைக்குக் கிடைக்கின்றன. மலேசியாவிலும் ஒரு கிலோ எண்ணெய்ப் பொட்டலம் இரண்டரை வெள்ளிக்கு உண்டு. இரு நாட்டிலும் அது வீட்டு அடுப்புக்குத்தான்; கடை அடுப்புக்கு அல்ல. சமையல் எரிவாயுவும் அப்படியே. வீட்டு சிலிண்டரைக் கடையில் வைத்தால் குற்றம். கடைக்கென 19 கிலோ சிலிண்டர். அதன் விலை 2021 நவம்பரில் சென்னையில் 2,000 ரூபாயைத் தாண்டியது. நட்சத்திர ஓட்டலுக்கும் அதே சிலிண்டர், நாலு இட்லிக் கடைக்கும் அதே சிலிண்டர்! சமத்துவம் இந்த ஒன்றில் மட்டும் தவறாமல் நடக்கிறது.

கடைக்காரர் பக்கமே நின்று பேசுகிறோம் என்று எண்ண வேண்டாம். உண்பவன் உடம்பு விளையாட்டுப் பொருளல்ல. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. அச்சடித்த செய்தித்தாளில் பலகாரம் கட்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருக்கிறது. (இந்தத் தாளிலும் கட்ட வேண்டாம், தோழர்களே! படிப்பதற்குத்தான் அச்சிடுகிறோம்.) தட்டின் மேல் பிளாஸ்டிக் தாள் விரிப்பதும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. வாழை இலைக்குப் பேர்போன சின்னமனூரை மடியில் வைத்துக் கொண்டு நாம் பிளாஸ்டிக் தாளில் உண்பது வெட்கக்கேடு. ஆனால் விதி மட்டும் போதுமா? குடம் தண்ணீர் விலைக்கு வாங்கி ஒரு வாளியில் நூறு தட்டு கழுவுகிறவரிடம் சுத்தத்தைப் பற்றி உபதேசம் செய்துவிட்டு அபராதச் சீட்டு எழுதிப் போகும் அதிகாரி, அந்த இடத்தில் ஒரு குழாய் போடச் சொல்லி மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் தட்டு தானே சுத்தமாகியிருக்கும்.

இன்னொன்று, நம் பள்ளத்தாக்குக்கே உரிய கதை. கார்த்திகை பிறந்தால் தை வரை சபரிமலைப் பயணிகளின் வண்டிகள் தேனி, கம்பம் வழியாக இரவு பகலாக ஓடுகின்றன. போகிற வண்டி கம்பம் மெட்டு வழி, வருகிற வண்டி குமுளி வழி என்று காவல் துறை திருப்பிவிடும் அளவுக்குக் கூட்டம். அந்த இரண்டு மாதமும் சாலையோரக் கடைக்கு அறுவடை. அதில் நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் வெளியூர்ப் பயணிக்கு வைத்த விலைதான் உள்ளூர்க் கூலிக்காரனுக்கும். பயணி ஆண்டுக்கு ஒரு நாள் அந்த விலையைக் கொடுக்கிறார். நம் தோழன் அறுபது நாள் கொடுக்கிறான். பருவம் முடிந்து விலைப்பலகையைத் திருத்தக் கடைக்காரர் சிலருக்குச் சுண்ணாம்புக் கட்டி கிடைப்பதேயில்லை!

கேரளத்து மாவட்ட நிர்வாகங்கள் இந்தப் பருவத்தில் பயணிகள் போகும் வழிகளிலுள்ள கடைகளுக்கு விலைப் பட்டியல் வகுப்பது வழக்கம். அதில் விலை மட்டும் இராது. தேநீர் எத்தனை மில்லி, இட்லி எத்தனை கிராம் என்றும் இருக்கும். தட்டு இளைக்கும் வித்தைக்கு இதுதான் சரியான கடிவாளம். அளவில்லாத விலை அரை விலாசம் எழுதிய கடிதம் போல; போய்ச் சேராது. இதே பட்டியலை இந்தப் புறத்து ஊர்களுக்கும் கேட்க வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனையோடு கேட்க வேண்டும். விலையைக் கட்டுகிறவர்கள் செலவையும் குறைத்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கட்டும் அக்காவின் நோட்டில் இல்லாத கூலியிலிருந்துதான் கழியும்.

செலவைக் குறைப்பது எப்படி? சிங்கப்பூர் செய்து காட்டியது. 1968-69 இல் தீவு முழுவதும் தெருவோர வியாபாரிகளை எண்ணிப் பதிவு செய்தார்கள். ஏறத்தாழ 18,000 பேர். 1971 முதல் 1986 வரை பதினைந்து ஆண்டுகள் செலவிட்டு, கூரையும் குழாயும் சாக்கடையும் உள்ள உணவங்காடிகளைக் கட்டி அவர்களைக் குடியேற்றினார்கள். தெருவிலிருந்து வந்த பழைய கடைக்காரருக்குச் சலுகை வாடகை. அங்கே தமிழனும் சீனனும் மலாய்க்காரனும் பக்கத்துப் பக்கத்தில் அடுப்பு வைத்தார்கள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ அந்த உணவங்காடிப் பண்பாட்டை மனிதகுல மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. தட்டின் விலை குறைவாக நின்றதற்கு உபதேசம் காரணமல்ல. இடமும் தண்ணீரும் வாடகையும் காரணம். சிங்கப்பூரின் கெடுபிடிகள் எல்லாம் நமக்கு உவப்பானவை என்று சொல்லவில்லை. ஆனால் கடையை உடைப்பதற்கு முன் கடைக்கு இடம் கட்டினார்கள் என்ற ஒன்றை மறுக்க முடியாது. நம் ஊரில் முதலில் வருவது லாரி. தள்ளுவண்டியைத் தூக்கிப் போட்டுக் கொண்டு போகும் லாரி!

சட்டம் இல்லாமலா? இருக்கிறது. தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காக்க 2014 இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி ஒவ்வொரு நகரத்திலும் நகர விற்பனைக் குழு அமைய வேண்டும். அதில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை எவரையும் இடம் பெயர்க்கக் கூடாது. 2020 இல் வந்த மத்திய அரசின் கடன் திட்டத்தில் தெருவோர வியாபாரிக்கு முதல் தவணையாகப் பத்தாயிரம் ரூபாய் வங்கிக் கடனுக்கும் வழி செய்தார்கள். தண்டல்காரரின் பிடியிலிருந்து நழுவ அது ஓரளவு உதவும். ஆனால் கடன் வாங்கி வைத்த கல்லை நடுத்தெருவில் வைத்தால் லாரிக்குத்தானே லாபம்?

தேனி, போடி, கம்பம், கூடலூர், சின்னமனூர்த் தோழர்கள் இனி இட்லி விலையைப் பற்றி வாதாடும்போது நகராட்சி அலுவலகத்துக்குப் போய் வாதாடலாம். நம் ஊரில் விற்பனைக் குழு எப்போது கூடியது? கூடிய நாளில் வியாபாரிகளின் பிரதிநிதி யார் வந்தார்? வந்தவர் உண்மையில் அடுப்பு வைத்திருப்பவர்தானா, இல்லை யாருடைய மைத்துனரா? சாலையோரத்தில் வசூலிக்கும் காசுக்குக் கொடுக்கும் சீட்டில் எழுதியிருக்கும் தொகையும் வாங்கும் தொகையும் ஒன்றா? ஜீப்புகள் கிளம்பும் இடத்தில் இருபது கடைகளுக்கு ஒரு கூரை, நாலு குழாய், கழிவுநீர் போக ஒரு வாய்க்கால் போட எத்தனை ரூபாய் ஆகும், அந்தத் தொகை இந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். அடுத்த கார்த்திகை பிறப்பதற்குள் அந்தப் பதில்கள் நம் கையில் இருந்தால், விலைப் பட்டியல் கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் போகும்போது வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. சாலையோரத்து அக்காவையும் உடன் அழைத்துக் கொண்டு போகலாம், பத்து மணிக்குக் கடை கட்டிய பிறகு.